சிந்துவெளியில் அச்சு இருந்திருந்தால்: மாற்று வரலாறு எழுதுவது எப்படி

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அந்தக் காலத்திலேயே விமானம் விட்டார்கள், அணுகுண்டு போட்டார்கள், எல்லாவற்றையும் யாரோ மறைத்துவிட்டார்கள் என்று எழுதுவது மாற்று வரலாறு இல்லை, அது வேறு வியாபாரம். மாற்று வரலாற்றில் இது நடக்கவில்லை என்பது எழுதுகிறவருக்கும் தெரியும், படிக்கிறவருக்கும் தெரியும். நடந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று பார்ப்பதுதான் சுவாரஸ்யமே. அதற்கு நான் வைக்கும் விதி ஒன்றுதான்: ஒரே ஒரு பொய் சொல்லலாம், மீதி எல்லாம் உண்மையாக இருக்கவேண்டும்.

சரி, அந்தப் பொய்யை எங்கே வைப்பது? பலரும் நேராக நீராவிக்குப் போய்விடுகிறார்கள். ரோமர் ஆட்சியில் இருந்த எகிப்தின் அலெக்சாண்டிரியாவில் கி.பி. முதல் நூற்றாண்டில் ஹெரோன் என்பவர், வளைந்த இரண்டு குழாய்கள் வழியாக ஆவி பீறிட, தானாகவே சுழலும் ஓர் உலோக உருண்டையைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அதைக் கொஞ்சம் பெரிதாக்கினால் ரோமப் பேரரசில் ரயில் ஓடியிருக்கும் என்று கதை கட்டுவது சுலபம். ஆனால் அந்த உருண்டை ஏன் பொம்மையாகவே நின்றுபோனது என்று கேட்டுப் பாருங்கள். 1712-இல் தாமஸ் நியூகோமனின் நீராவி எந்திரம் இங்கிலாந்தில் ஓடத் தொடங்கியபோது அதற்கென்று ஒரு வேலை காத்திருந்தது, சுரங்கத்தில் ஊறும் தண்ணீரை இறைக்கவேண்டும். எரிக்க நிலக்கரியோ சுரங்க வாசலிலேயே கிடந்தது. அப்புறம் ஜேம்ஸ் வாட் வந்தும்கூட, ஆவி கசியாத அளவுக்குத் துல்லியமாக சிலிண்டர் குடைய ஆள் கிடைக்காமல் திண்டாட்டம்தான். 1770-களில் ஜான் வில்கின்சன் பீரங்கிக் குழாய் குடையும் எந்திரத்தை உருவாக்கிய பிறகுதான் அது தீர்ந்தது. ஹெரோனிடம் இதெல்லாம் எதுவும் கிடையாது. ஆக ரோமில் ரயில் விட ஒரு பொய் போதாது, நாலைந்து வேண்டும். மூன்றாவது பொய்யிலேயே வாசகர் எழுந்து போய்விடுவார்.

அதனால், பாதி தூரம் வந்து நின்றுவிட்ட ஒரு தொழில்நுட்பத்தைத் தேடுங்கள். எனக்குப் பிடித்தது சிந்துவெளி முத்திரைகள். மாக்கல்லில் இரண்டு மூன்று சென்டிமீட்டர் சதுரத்துக்கு, எழுத்தையும் விலங்கையும் இடவலம் மாற்றிச் செதுக்கி, சுட்டு இறுக்கி வைத்திருக்கிறார்கள். ஈரக் களிமண்ணில் அழுத்தினால் நேராக விழும். குஜராத்தில் உள்ள லோத்தலில் கிடைத்த முத்திரையிட்ட களிமண் கட்டிகளின் பின்பக்கத்தில் துணியும் பாயும் பதிந்த தடங்கள் இருக்கின்றன, அதாவது சரக்கு மூட்டையின் மேலேயே ஒட்டியிருக்கிறார்கள். மொகஞ்சதாரோவில் வெள்ளிப் பாத்திரம் ஒன்றில் ஒட்டிக்கொண்டு சாயம் தோய்த்த பருத்தித் துணியும் கிடைத்திருக்கிறது. இடவலம் மாற்றிச் செதுக்கத் தெரியும், சாயம் தெரியும், துணி இருக்கிறது, முத்திரை அந்தத் துணியிலிருந்து ஒரு விரல்கடை தூரத்தில் இருக்கிறது. யாரோ ஒருவர் முத்திரையைக் களிமண்ணுக்குப் பதில் சாயத்தில் தோய்த்துத் துணிமேல் வைத்தார். அவ்வளவுதான் பொய். காலம், கி.மு. 2500 என்று வைத்துக்கொள்ளலாம்.

இனி கேட்கவேண்டிய கேள்வி, இதற்கு யார் கூலி கொடுப்பார்கள்? அறிவு பரவட்டும் என்று எவரும் செலவு செய்யமாட்டார். வணிகர் செய்வார். சிந்துவெளி எடைக்கற்கள் 1, 2, 4, 8, 16, 32, 64 என்று இரட்டித்துப் போகின்றன, ஊருக்கு ஊர் அதே அளவு, அவ்வளவு கறாரான ஆட்கள். சரக்கு மெசபொடேமியா, அதாவது இன்றைய ஈராக் வரை போயிருக்கிறது, அங்கே ‘ஊர்’ (Ur) என்ற பெயருள்ள நகரத்தில் சிந்துவெளி முத்திரையே கிடைத்திருக்கிறது. ஆகவே முதலில் அச்சாவது கவிதையாக இருக்காது, சரக்குச் சீட்டாகத்தான் இருக்கும்.

நல்லது மட்டும் நடந்துகொண்டே போனால் அது கதை இல்லை, விளம்பரம். யாருக்கு நஷ்டம் என்று பாருங்கள், கதை தானாக ஓடும். களிமண்ணில் இட்ட முத்திரையை உடைக்காமல் மூட்டையைப் பிரிக்க முடியாது, அதன் மதிப்பே அதில்தான் இருக்கிறது. துணிச்சீட்டோ வெட்டி எடுத்து வேறு மூட்டையில் தைத்துவிடலாம். கப்பல் துறையில் ஒரு கணக்கர் உட்கார்ந்திருக்கிறார், அவர் முன்னால் இரண்டு மூட்டைகள், இரண்டிலும் ஒரே ஒற்றைக்கொம்பு விலங்கு, ஒரே எழுத்து வரிசை. ஒன்றில் செம்மணி, மற்றதில் கூழாங்கல். எது அசல் சீட்டு என்று அவர் எப்படிக் கண்டுபிடிப்பார்? சாயத்தை முகர்வாரா, நெசவின் இழைகளை எண்ணுவாரா? இந்த ஒரு காட்சியை ஒழுங்காக எழுதினால் பத்துப் பக்க விளக்கம் மிச்சம்.

தெரியாத இடங்களை நிரப்பத் தயங்கவேண்டாம், இடைவெளியை நிரப்புவது பொய் கணக்கில் வராது. அங்கே அரசர் இருந்தாரா என்பதற்கு உறுதியான சான்று இல்லை, அதனால் அச்சுத்தொழிலை வணிகர் குழு நடத்தியது என்றும் எழுதலாம், ஊர்ச்சபை நடத்தியது என்றும் எழுதலாம். பெயர்கள்தான் தொல்லை. எழுத்து இன்னும் படிக்கப்படவில்லை, எந்த மொழிப் பெயரை வைத்தாலும் வாசகர் சண்டைக்கு வருவார், நான் ‘கணக்கர்’, ‘செதுக்குபவள்’ என்று தொழிலைச் சொல்லியே ஒப்பேற்றிவிடுவேன்.

நிஜமாக நடந்த பேரழிவுகளை மட்டும் துடைத்துவிடாதீர்கள். கி.மு. 2200-ஐ ஒட்டிப் பருவமழை வலுவிழந்தது, கி.மு. 1900-க்குப் பிறகு பெருநகரங்கள் சுருங்கின. துணியில் அச்சடித்ததால் மழை பெய்துவிடாது. ஆனால் கிழக்கே நகர்ந்த குடும்பங்கள் சுருட்டிய துணிகளையும் எடுத்துக்கொண்டு போயிருந்தால், நகரங்கள் போனாலும் எழுத்து போகாமல் இருந்திருக்கலாம். என்னைக் கேட்டால் நகரங்களைக் காப்பாற்றுவதைவிட இது நல்ல கதை.

கடைசியில் ஒரு சல்லடை போடுங்கள். இரும்பு வாள் வந்ததா, வெட்டுங்கள், அது வெண்கலக் காலம். யாராவது மிளகாய் கிள்ளினார்களா, அது அமெரிக்காவிலிருந்து வர இன்னும் சில ஆயிரம் ஆண்டுகள் இருக்கின்றன. ‘ஒரு நிமிடம் பொறு’ என்று எவராவது சொன்னால் அதையும் எடுத்துவிடுங்கள். இதெல்லாம் முடிந்ததும் அந்த ஒரு பொய்யை மட்டும் உருவிவிட்டுக் கதையைப் படித்துப் பாருங்கள். ஒன்றும் சரியாமல் அப்படியே நின்றால் பொய் வெறும் ஜோடனையாக இருந்திருக்கிறது, திரும்பவும் அந்தச் சாயத்தில் தோய்த்த முத்திரையிலிருந்து ஆரம்பிக்கவேண்டியதுதான்.