அருவி விழ மலை எங்கே?

போன மாதம் புதிதாக எழுதுகிறவர்களின் சாகச நாவல்கள் மூன்றைப் படித்தேன். மூன்றிலுமே நாயகன் தீவில் கரையொதுங்கிய மறுநாள் அருவியில் குளிக்கிறான். எனக்குத்தான் வெட்கமாகப் போயிற்று. எழுத வந்த புதிதில் நானும் அவனை அங்கேதான் குளிக்கவைத்தேன்.

தீவுக் கதை எழுதுகிறவர்கள் செய்யும் தவறுகளில் நீளமான வர்ணனை, திடீர்ப் புலி போன்றவற்றை வேறு யாராவது சொல்லிவிடுவார்கள். மற்றவை இதோ.

எந்த வகைத் தீவு என்று பார்க்காமல் தொடங்குவது

தென்னை, மணல், காடு. எல்லாத் தீவுக்கும் ஒரே அச்சு. கிரேட் நிக்கோபாரில் 642 மீட்டர் உயர மலை உண்டு, கலாத்தியா ஆறு ஓடுகிறது. லட்சத்தீவுகளோ பவளத்தீவுகள். கடல் மட்டத்துக்கு மேல் சில மீட்டர்தான். ஆறு கிடையாது, ஓடைகூடக் கிடையாது.

என் முதல் தொடர்கதையில் லட்சத்தீவுப் பக்கம் ஓர் ஆளில்லாத் தீவில், அருவிக்குப் பின்னாலுள்ள குகையில் புதையலை வைத்தேன். எட்டாவது வாரம் கப்பலில் வேலை பார்த்த ஒருவர் அஞ்சலட்டை போட்டார்: "ஐயா, அருவி விழ மலை எங்கே?" கதையின் முடிச்சே அந்தக் குகைதான். புத்தகமாக்கும்போது நான்கு அத்தியாயங்களைத் தூக்கிவிட்டுத் திரும்ப எழுதினேன்.

இன்றும் எரிச்சல் தீரவில்லை. அருவியைவிட நல்ல கதை அந்த மணலுக்கடியிலேயே கிடந்தது. ஓரளவு பெரிய பவளத்தீவில் மழைநீர் மணலில் இறங்கி, கனமான உப்புநீரின் மேல் மிதந்து நிற்கும். கொஞ்சம் தோண்டினால் நல்ல தண்ணீர். ஆசைப்பட்டு மேலும் தோண்டினால் உப்பு. ஓதத்தில் கடல்நீர் ஏறினால் கிணற்று நீரும் ஏறும், வடிந்தால் இறங்கும்.

தாகவெறியில் ஆழமாகத் தோண்டி, இருந்த ஒரே கிணற்றையும் கெடுத்துக்கொள்ளும் வில்லனை யோசித்துப் பாருங்கள். நீர் இறங்கும்போது மட்டும் தெரியும் கல்லிடுக்கில் பெட்டி. சே, எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது!

கப்பலை நேரே கரையில் நிறுத்துவது

சுற்றிலும் பவளத்திட்டு. கப்பல் வெளியே நிற்கும். திட்டில் இடைவெளி எங்கே என்று தெரிந்தவன்தான் படகை உள்ளே கொண்டுவர முடியும். அப்புறம், துரத்தல் காட்சிக்கு வேறு இடம் எதற்கு?

நீண்ட மாலைப்பொழுது

அங்கே சூரியன் மறைந்து அரைமணிக்குள் இருட்டிவிடும்.

ஜூலையில் பாய்மரப் பயணம்

தென்மேற்குப் பருவக்காற்று. வேண்டாம்.