உடையாத குரக்கன் ரொட்டி

ஹட்டனில் எங்கள் வீட்டில் காலைச் சாப்பாடு கோதுமை மா ரொட்டிதான். தேயிலைத் தோட்டத்து லயத்தில், அதாவது வரிசை வீட்டில், வளர்ந்த பழக்கம். அப்பாவுக்குச் சீனி வருத்தம் என்று தெரிந்த பிறகுதான் குரக்கன் (கேழ்வரகு) மா வாங்கினேன்.

முதல் நாளே தோல்வி. உருண்டையைத் தட்டத் தட்ட ஓரமெல்லாம் வெடித்தது. கல்லில் திருப்பியதும் மூன்று துண்டு. வாயில் வைத்தால் நறநறவென்று மண். மகள் தட்டைத் தள்ளி வைத்துவிட்டாள்.

அம்மாயி வந்து பார்த்தார். "பச்சத் தண்ணியில பிசைஞ்சா குரக்கன் எப்படிம்மா ஒட்டும்?" என்றார். சரிதான். கோதுமையில் உள்ள பசைப்புரதம் குரக்கனில் கிடையாது. கொதிநீர் பட்டு மாச்சத்து வெந்தால்தான் மா ஒன்றோடொன்று பிடிக்கும்.

இப்போது இரண்டு கப் குரக்கன் மா, ஒரு கப் கோதுமை மா, ஒரு கப் தேங்காய்ப்பூ, உப்பு. தளதளவென்று கொதிக்கும் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி அகப்பைக் காம்பால் கிளறி, பத்து நிமிடம் மூடி வைக்கிறேன். நம் ஊர்க் குளிருக்குத் தண்ணீர் சட்டென்று ஆறிவிடும், அதனால் அடுப்பிலிருந்து இறக்கிய உடனே ஊற்ற வேண்டும். கை பொறுக்கும் சூட்டில் பிசைந்து, வாழையிலையில் தட்டுகிறேன்.

மண்ணுக்கு வழி, முழுத் தானியமாக வாங்குவது. மூன்று நான்கு தடவை அரித்துக் கழுவி, காயவைத்து, மில்லில் அரைக்கிறோம். பனி மூட்டத்தில் காய இரண்டு நாள் ஆகும். கொஞ்சமாக அரைப்பதே நல்லது, பழைய மா கசக்கும்.

நூறு கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது, அரிசியில் அதில் சிறு பங்குதான். ஆனால் குரக்கனும் மாச்சத்துதான். அப்பாவுக்கு இரண்டு ரொட்டிதான், கூடவே வல்லாரைச் சம்பல்.