ஆயா பெட்டியில் கிடைத்த வெள்ளி டாலர்: விற்பதற்கு முன் எடை போட்டுப் பார்ப்பது எப்படி

எங்கள் வீட்டில் அதை எல்லோரும் டாலர் என்றுதான் சொல்வோம். புதுச்சேரி முத்தியால்பேட்டை வீட்டில் ஆயாவின் டிரங்குப் பெட்டி அடியில், நாப்தலின் வாசம் ஏறிப்போன கூறைப்புடவைக்குக் கீழே ஒரு சுருக்குப்பை. அதில் இரண்டு வெள்ளிக்காசு. ஒன்றின் உச்சியில் வளையம் பற்றவைத்திருந்தது; ஆயா சின்ன வயதில் சங்கிலியில் கோத்துப் போட்டுக்கொண்டது, அதனால் டாலர். இன்னொன்று வளையம் இல்லாத வெறும் காசு. கூடவே கிடந்ததால் அதற்கும் அதே பெயர்.

பெரியத்தை மட்டும் வேறு அர்த்தத்தில் டாலர் என்றார். "அமெரிக்கா காசுடி இது. பாரு, லிபர்ட்டி சிலை உட்கார்ந்திருக்கு." தலையில் கதிர் விரிந்த கிரீடத்தோடு ஒரு பெண் உட்கார்ந்திருப்பது நிஜம்தான். ஆனால் அவள் அமெரிக்காக்காரி இல்லை, பிரான்சுக்காரி. சுற்றியிருந்த எழுத்து பிரெஞ்சுக் குடியரசு என்றது. பின்பக்கம் இந்தோசீனா என்றது, அதாவது அன்று பிரெஞ்சுக்காரர்கள் ஆண்ட வியட்நாம், கம்போடியா, லாவோஸ் பகுதி. அது அங்கே புழங்கிய பியாஸ்தர் என்ற வெள்ளி நாணயம். தாத்தா சொல்தாவாக, அதாவது பிரெஞ்சுப் படைவீரராக, வியட்நாமின் சைகோனில் இருந்தவர், அவர் சம்பாதித்துக் கொண்டுவந்தது. 1881-இல் வந்த ஆணைப்படி பிரெஞ்சுக் குடிமக்களாகப் பதிந்துகொண்ட குடும்பங்கள் பலவற்றிலிருந்து இந்தோசீனாவுக்கு வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதனால் புதுச்சேரியில் பழைய பெட்டியைத் திறந்தால் பியாஸ்தர் வருவது ஆச்சரியமில்லை.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒன்று கிடைத்தால், முதலில் செய்ய வேண்டியது ஒன்றும் செய்யாமல் இருப்பது. நான் அதைத்தான் கெடுத்தேன். வளையம் வைத்த காசு கறுத்துக் கிடந்தது. புளி போட்டு ஊறவைத்து, விபூதி வைத்து, குத்துவிளக்கு தேய்ப்பதுபோலத் தேய்த்தேன். பளபளவென்று வந்தது, எனக்குப் பெருமை தாங்கவில்லை. எங்கள் தெருப் பத்தரிடம் காட்டினேன். அவர் வாங்கிப் பார்த்துவிட்டு, "அம்மா, இது கொலுசு இல்லையே" என்றார், அவ்வளவுதான். அந்தக் கருப்பு அழுக்கில்லை. காற்றிலுள்ள கந்தகத்தோடு சேர்ந்து வெள்ளியின் மேல் படியும் படலம், சேகரிப்பவர்கள் அதைத்தான் தேடுகிறார்கள். தேய்த்தால் படலத்தோடு உலோகமும் கொஞ்சம் போகும், பொடியின் கீறலும் விழும். பூதக்கண்ணாடி வைத்தால் கீறல்கள் ஒரே பக்கமாக ஓடுவது தெரியும். போனது திரும்பி வராது. பூந்திக்கொட்டை, பற்பசை, எலுமிச்சை எதுவும் வேண்டாம். மண் ஒட்டியிருந்தால் நல்ல தண்ணீரில் முக்கி எடுத்து, பருத்தித் துணியில் ஒற்றி ஒற்றித் துடையுங்கள். துணியை இழுக்காதீர்கள்.

அடுத்து, எந்த டாலர் என்று பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும் ஜன்னலோரம் போதும், எழுத்தெல்லாம் எழுந்து நிற்கும். பியாஸ்தர் என்றால் வேலை சுலபம், காசே தன் ஜாதகத்தைச் சொல்லும். பின்பக்க மாலையின் கீழ்ப்பகுதியைச் சுற்றி இரண்டு எண்கள் இருக்கும்: 0,900 என்றும் 27 என்றும். பிரெஞ்சு தெரியாவிட்டாலும் எண் புரியுமே. முதலாவது மாற்று: ஆயிரத்தில் தொள்ளாயிரம் பங்கு வெள்ளி. நம் தசமப் புள்ளி இருக்க வேண்டிய இடத்தில் பிரெஞ்சுக்காரர்கள் காற்புள்ளி போடுவார்கள். இரண்டாவது கிராம் எடை. 1885 முதல் 1895 வரை அடித்ததில் 27.215 என்று இருக்கும். அந்தக் கனமான காசு ஊரை விட்டு வெளியே ஓடிக்கொண்டே இருந்ததால் 1895-இல் எடையை 27 ஆகக் குறைத்தார்கள். கடைசியாக 1931-இல் வந்தது 20 கிராம்தான், உட்கார்ந்த பெண்ணுக்குப் பதில் முகம் மட்டும் இருக்கும். பாரீசில் அடித்த காசில் ஏ என்ற எழுத்து இருக்கும். 1921, 1922-இல் பர்மிங்காமில் அடித்தவற்றில் எச் இருக்கும், சான் பிரான்சிஸ்கோவில் அடித்தவற்றில் எழுத்தே கிடையாது.

கடலூர்ப் பக்கம் மலேயாவுக்குப் போய்வந்த குடும்பம் என்றால் வேறு இரண்டு வகை கிடைக்கலாம். ஒன்று, கையில் திரிசூலத்தோடு நிற்கும் பிரிட்டானியா (பிரிட்டனைப் பெண்ணாக உருவகித்தது) படமும் சீன, மலாய் எழுத்துகளும் உள்ள பிரிட்டிஷ் வணிக டாலர். எடை 26.95 கிராம், மாற்று 900. திரிசூலத்தின் நடுமுனையில் பொடியாக பி எழுத்து தெரிந்தால் பம்பாயில் அடித்தது. பம்பாயிலிருந்து கிழக்கே போய், யாரோ ஒருவர் இடுப்பு முடிச்சில் திரும்பிவந்த காசு! மற்றது பினாங்கு, மலாக்கா, சிங்கப்பூர் பகுதிக்காக அடித்த ஸ்ட்ரெயிட்ஸ் டாலர், ராஜா தலை இருக்கும். இதில் ஏமாறுவது எளிது. 1903-இல் அடித்தது 26.95 கிராம். 1907 முதல் 1909 வரை வந்தது 20.21 கிராம். 1919, 1920-இல் வந்தது 16.85 கிராம், அதிலும் பாதிதான் வெள்ளி. வருடம் பார்க்காமல் கணக்குப் போடாதீர்கள்.

நிஜமான அமெரிக்க டாலர் என்றால் 26.73 கிராம், 38.1 மில்லிமீட்டர் அகலம், மாற்று அதே 900. பழைய வகை 1878 முதல் 1904 வரையும், பிறகு 1921-இலும் வந்தது. அடுத்த வகை 1921-இல் தொடங்கி 1935-இல் முடிந்தது. பின்பக்கத்தில் சிசி என்று இரண்டு எழுத்து இருந்தால் கார்சன் சிட்டியில் அடித்தது, அதற்கு மவுசு அதிகம். மவுசு அதிகம் என்பதாலேயே போலியும் அதிகம்.

சரி, இப்போது தராசு. நகை நிறுக்கும் சின்ன டிஜிட்டல் தராசு, 0.01 கிராம் வரை காட்டுவது வேண்டும். மளிகைக்கடைத் தராசு உதவாது. எங்கள் வெறும் காசு 26.82 காட்டியது. கை மாறித் தேய்ந்த காசுக்கு இது நியாயமான எடை. கால் கிராம் வரை குறைந்தால் நான் கவலைப்பட மாட்டேன். ஒரு கிராமுக்கு மேல் குறைந்தாலோ, எழுதியிருப்பதைவிடக் கூடினாலோ சந்தேகப்படுவேன். வளையம் வைத்த காசில் இந்தக் கணக்கு ஓடாது, பற்றும் வளையமும் சேர்ந்துதான் நிற்கும்.

எடை சரியாக இருந்தால் மட்டும் போதாது, தண்ணீர்ச் சோதனையும் செய்யுங்கள். காசுக்கு ஒரு சேதமும் இல்லாத, வீட்டிலேயே செய்யக்கூடிய சோதனை இதுதான். சின்ன பிளாஸ்டிக் கப்பில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றித் தராசில் வைத்து, பட்டனை அழுத்திப் பூஜ்யம் ஆக்குங்கள். தையல் நூலில் காசைக் கட்டி, கையில் பிடித்தபடி தண்ணீருக்குள் முழுசாக இறக்குங்கள். அடியிலோ பக்கத்திலோ தொடக்கூடாது. குமிழ் ஒட்டியிருந்தால் லேசாக ஆட்டி விடுங்கள். இப்போது தராசு காட்டுவது காசு ஒதுக்கிய தண்ணீரின் எடை. வெறும் எடையை இதால் வகுங்கள். எங்களுக்கு 2.60 காட்டியது, 26.82-ஐ 2.60-ஆல் வகுத்தால் 10.3. நூற்றுக்குத் தொண்ணூறு வெள்ளியும் மீதி செம்பும் கலந்தால் அந்த இடத்தில்தான் வந்து நிற்கும். செம்பு கிட்டத்தட்ட 9, வெள்ளியே கலக்காத ஜெர்மன் சில்வர் அதற்கும் கொஞ்சம் கீழே, ஈயம் 11-க்கு மேல்.

இந்தச் சோதனையின் அருமை மாமா மகனால் தெரிந்தது. அவன் வியட்நாம் சுற்றுலா போனபோது ஒரு கடையில், தாத்தா காலத்துக் காசு என்று சொல்லி ஆசையாக ஒரு பியாஸ்தர் வாங்கிவந்தான். பார்க்க ஆயா காசைவிட அழகு. நிறுத்தால் 23.4. தண்ணீரில் 2.66. வகுத்தால் 8.8. அதன் முதுகிலேயே 27 என்று எழுதியிருக்கிறது! விளிம்பைத் தடவினால் கோடுகள் ஒழுங்கில்லாமல், ஓரிடத்தில் ஒட்டுப்போட்ட தழும்பு மாதிரி தெரிந்தது. நல்ல காசின் விளிம்பில் கோடுகள் சீராகச் சுற்றிவரும். அவன் இன்னும் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிகிறான், பாவம்.

காந்தச் சோதனையைப் பெரிதாக நம்பாதீர்கள். ஒட்டினால் நிச்சயம் போலி, ஒட்டாவிட்டால் ஒன்றும் நிரூபணம் ஆகாது; பித்தளையும் ஒட்டாது. ஐஸ்கட்டி வைத்து உருகுகிறதா பார்க்கச் சொல்பவர்களுக்கும் இதே பதில். வெள்ளிக்குக் கிட்டத்தட்டச் சமமாகச் செம்பும் சூட்டைக் கடத்தும்.

இவ்வளவும் முடித்த பிறகு கடைக்குப் போங்கள், முன்னால் போகாதீர்கள். எடை தெரியாமல் நான் ஒரு நகைக்கடைக்குப் போனபோது, "ஜெர்மன் சில்வர் மாதிரி தெரியுதும்மா, ஓரத்தில் கொஞ்சம் வெட்டிப் பார்த்துடலாமா" என்றார்கள். அரத்தை எடுக்கும் சத்தம் கேட்டதும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். உரைகல், அமிலம், அரம் மூன்றும் காசுக்கு வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். காரட் மீட்டர் இருக்கும் இடத்தில் கீறாமலே மாற்று பார்க்கலாம். ஆனால் அது மேற்பரப்பைத்தான் படிக்கும், மேலே முலாம் இருந்தால் ஏமாறும். தண்ணீர்க் கணக்கும் அதுவும் ஒத்துப்போனால் நம்பலாம்.

விலை என்பது இரண்டு. ஒன்று வெள்ளி விலை: 26.82-இல் பத்தில் ஒன்பது பங்கு, ஏறக்குறைய 24.14 கிராம் சுத்த வெள்ளி. அன்றைய பேப்பரில் கிராமுக்குப் போட்டிருக்கும் விலையால் பெருக்குங்கள். அதற்குக் கீழே கேட்பவரிடம் கொடுக்க அவசரம் வேண்டாம். மற்றது சேகரிப்பவர் தரும் விலை. அதற்கு அவர்கள் பார்ப்பது வருடம், எழுத்து, தேய்மானம். உட்கார்ந்த பெண்ணின் முழங்கால், மார்பு, முகம் ஆகிய மேடான இடங்கள் மழுங்காமல் இருந்தால் நல்லது. எங்கள் காசு 1907. நிறைய அடித்த வருடம், அதனால் லட்சாதிபதி ஆகும் கனவு அன்றே முடிந்தது. சீன எழுத்துக் குத்து முத்திரை இருந்தால் பயப்பட வேண்டாம். அந்தக் கால வணிகர்கள் சோதித்துப் போட்ட அடையாளம் அது, அதையே தேடுபவர்களும் உண்டு. வளையம் பற்றவைத்ததற்குத்தான் சேகரிப்பில் மதிப்பு விழும். வளையத்தை எடுத்தாலும் பற்று வைத்த இடம் காட்டிக்கொடுக்கும், அப்படியே விட்டுவிடுங்கள்.

பழைய காசுக்கு லட்சம் தருகிறோம், முன்பணமாகக் கமிஷனும் வரியும் கட்டுங்கள் என்று போன் வந்தால் கட் செய்யுங்கள். தன் பெயரைச் சொல்லி இப்படிப் பணம் கேட்பவர்களை நம்பாதீர்கள் என்று ரிசர்வ் வங்கியே 2021-இல் எச்சரித்திருக்கிறது.

பாரீசில் இருக்கும் சித்தப்பா மகள், எனக்கு ஒன்று அனுப்பேன் என்றாள். முடியாது. நூறு ஆண்டு ஆன நாணயம் 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி தொல்பொருள் கணக்கில் வரும், தனியாள் நாட்டை விட்டு வெளியே அனுப்பக்கூடாது. தபாலிலும் கூடாது, பெட்டியில் மறைத்தும் கூடாது. படம் எடுத்து அனுப்பினேன், கோபித்துக்கொண்டாள்.

கடற்கரை ஊரில் வைப்பதற்கும் கவனம் வேண்டும். உப்புக்காற்று காசிலுள்ள செம்பைப் பச்சையாக்கும். மிருதுவான பிளாஸ்டிக் உறையில் போட்டால் நாளடைவில் பிசுபிசுவென்று ஆகும். நான் அமிலம் இல்லாத காகிதத்தில் மடித்து, மூடி இறுக்கமான டப்பாவில், சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றோடு வைத்திருக்கிறேன். விளிம்பை மட்டும் பிடித்து எடுப்பேன்.

வெறும் காசு கடலூரில் இருக்கும் தம்பிக்கு. தேய்த்துக் கெடுத்த வளையக் காசை நானே எடுத்துக்கொண்டேன். விற்றால் வெள்ளி விலைதான் வரும். போன பொங்கலுக்கு ஆயா சங்கிலியிலேயே கோத்துப் போட்டேன். பெரியத்தை பார்த்துவிட்டு, "அமெரிக்க டாலர் உனக்கு நல்லா இருக்குடி" என்றார்.