சட்டப் பட்டத்துக்குப் பின் ஓராண்டு ஆய்வு: தர்மபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து கிளம்புபவர்களுக்கு

வெளிநாடுகள் சிலவற்றில் பட்டப் படிப்பு முடித்தவர் மேலும் ஓராண்டு உட்கார்ந்து ஆய்வேடு எழுதி ஆனர்ஸ் வாங்குகிறார். நம்மிடம் ஆனர்ஸ் பட்டத்தின் பெயரோடே ஒட்டி வந்துவிடுகிறது. அந்த ஆய்வு ஆண்டுக்கு இங்கே நிகரானது ஓராண்டுச் சட்ட முதுநிலைப் படிப்பான எல்.எல்.எம். நம் பக்கத்து மாணவர்களுக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பெங்களூரு தேசிய சட்டப் பள்ளியும் திருச்சி தமிழ்நாடு தேசிய சட்டப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. இரண்டுக்கும் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களின் பொது நுழைவுத் தேர்வான கிளாட் முதுநிலைத் தேர்வுதான் வழி: 120 கேள்விகள், 2 மணி நேரம், தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும். சட்டப் படிப்பில் 50 சதவீதம் வேண்டும். பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் 45. தேர்வு வழக்கமாக டிசம்பர் தொடக்கத்தில் வந்துவிடும். ஆகவே இறுதியாண்டு ஆகஸ்டிலேயே விண்ணப்ப அறிவிப்பைத் தேட ஆரம்பியுங்கள். பட்டம் கைக்கு வரட்டும் என்று காத்திருந்தால் ஓர் ஆண்டு வீணாகும்.

சிவில் நீதிபதி தேர்வை மனதில் வைத்திருப்பவர் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 2025 மே 20 தீர்ப்பில் உச்ச நீதிமன்றம் மூன்றாண்டு வழக்கறிஞர் அனுபவத்தை மீண்டும் கட்டாயமாக்கியது. வகுப்பில் கழித்த ஆண்டைக் கோர்ட்டில் நின்ற ஆண்டாக நினைத்துத் திட்டமிடாதீர்கள். விண்ணப்பிக்கும் சமயத்தில் எந்த விதி நடப்பில் இருக்கிறது என்றும் பாருங்கள்.

சேர்ந்த பிறகு பெரும்பாலானோர் சறுக்குவது தலைப்பில்தான். ‘இந்தியாவில் குழந்தைத் திருமணமும் சட்டமும்’ என்று சினாப்சிஸ் (ஆய்வுத் திட்டச் சுருக்கம்) கொடுத்தால் கைடு (ஆய்வு வழிகாட்டி) தலையாட்டிவிடலாம். ஆனால் நாலாவது மாதத்தில் உங்கள் கையில் இருப்பது பிறர் எழுதியதன் தொகுப்பு மட்டுமே. ஒரு சட்டம், அதில் ஒரு பிரிவு, ஒரு மாவட்டம், பத்து ஆண்டுகள். இந்த அளவுக்குச் சுருக்கினால் ஓராண்டில் முடியும்.

இதே தலைப்பைச் சுருக்கிப் பார்ப்போம். 2006-ஆம் ஆண்டுக் குழந்தைத் திருமணத் தடைச் சட்டத்தின் 3-ஆம் பிரிவுப்படி, குழந்தையாக இருந்தபோது மணமுடிக்கப்பட்டவர் அந்தத் திருமணத்தைச் செல்லாதது என்று அறிவிக்கக் கோரி மனுப் போடலாம். மேஜரான பின் இரண்டு ஆண்டு நிறைவதற்குள் போட வேண்டும். கேள்வி இது: தர்மபுரி மாவட்டத்தில் 2015 முதல் 2024 வரை இந்தப் பிரிவில் எத்தனை மனுக்கள் வந்தன, அவை என்னவாயின?

முதலில் நீதிமன்ற வழக்கு விவரங்களைத் தரும் இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு நிலைப் பக்கத்துக்குப் போய், சட்டத்தின் பெயரை வைத்துத் தேடுங்கள். கிடைக்கும் ஒவ்வொரு வழக்குக்கும் அதற்கே உரிய 16 எழுத்து அடையாள எண்ணான சி.என்.ஆர். எண்ணைக் குறித்து வையுங்கள். வழக்கு வேறு கோர்ட்டுக்கு மாறினாலும் தேடிப் பிடிக்க அது உதவும். ஒன்றிரண்டு வழக்குதான் வந்தது, அல்லது எதுவுமே வரவில்லை என்றால் உடனே ‘மனுவே இல்லை’ என்று எழுதிவிடாதீர்கள். மனு பதிவாகும்போது எந்தச் சட்டத்தைக் குறித்தார்களோ அதுதான் தேடலில் வரும். இதே கோரிக்கை இந்து திருமணச் சட்டத்தின் கீழ் பதிவாகியிருக்கலாம். அதன் 13(2)(iv) பிரிவு, 15 வயதுக்கு முன் மணமான பெண் 18 நிறைவதற்குள் அந்தத் திருமணத்தை மறுத்திருந்தால் விவாகரத்துக் கேட்க இடம் தருகிறது. அந்தச் சட்டத்திலும் தேடுங்கள். குடும்ப வழக்குகளின் தீர்ப்பு நகல் தளத்தில் இல்லாமல் போவதும் உண்டு. இத்தனையும் பார்த்த பிறகும் எண்ணிக்கை பூஜ்யமாகவே நின்றால், அந்தப் பூஜ்யமே உங்கள் கண்டுபிடிப்பு. சட்டம் கொடுத்த கதவை ஒரு பெண்கூட ஏன் தட்டவில்லை என்ற அத்தியாயம் அங்கிருந்து பிறக்கும். எங்களைக் கேட்டால், மொத்த ஆய்வேட்டிலும் படிக்க வேண்டிய பகுதி அதுவாகத்தான் இருக்கும்.

அடுத்தது தகவல் உரிமை மனு. குழந்தைத் திருமணத் தடுப்பு அலுவலர் பொறுப்பு மாவட்டச் சமூக நல அலுவலரிடம் இருக்கிறது. மனுவை அந்த அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, சேர்ந்ததற்கான சான்று கிடைக்கும்படி ஸ்பீடு போஸ்டில் போடுங்கள். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை?’ என்று கேட்டால் பதில் வராது, ஏனென்றால் சட்டம் தருவது ஆவணத்தை, விளக்கத்தை அல்ல. ‘புகார்ப் பதிவேட்டின்படி ஆண்டுவாரியாக வந்த புகார், நிறுத்திய திருமணம், காவல் நிலையத்துக்கு அனுப்பியது ஆகியவற்றின் எண்ணிக்கை, பெயர், முகவரி தேவையில்லை’ என்று எழுதுங்கள். அந்தக் கடைசி வரி முக்கியம். தனிப்பட்ட தகவல் என்ற காரணம் காட்டி மறுக்கும் வழியை அது அடைக்கிறது. பதிலுக்கு 30 நாள். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அதற்கு முடிவு வர 45 நாள் வரை ஆகலாம். ஆக மூன்றரை மாதம் இதிலேயே போகும். ஜூலையில் வகுப்பு தொடங்கினால் ஜூலையிலேயே மனு கிளம்பிவிட வேண்டும்.

பழைய ஆவணம் தேடுபவர்கள் மாவட்ட எல்லையின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். சேலத்திலிருந்து தர்மபுரி பிரிந்தது 1965 அக்டோபர் 2. தர்மபுரியிலிருந்து கிருஷ்ணகிரி பிரிந்தது 2004 பிப்ரவரி 9. தேன்கனிக்கோட்டையில் நடந்த 1990-களின் விவகாரம் தர்மபுரி மாவட்டம் என்ற பெயரில்தான் கோப்பில் இருக்கும். புள்ளிவிவரத்தை ஒப்பிடும்போது 2004-க்கு முன்னும் பின்னும் உள்ள ‘தர்மபுரி’ ஒன்றல்ல. அட்டவணையின் அடியில் இதை எழுதாவிட்டால் வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) முதல் கேள்வியே அதுதான்.

வேறு கேள்வி தேடுபவருக்கும் மண்ணிலேயே இருக்கிறது. தர்மபுரி மாவட்டப் பழங்குடிக் கிராமமான வாச்சாத்தியில் வனத்துறையினரும் காவல்துறையினரும் புகுந்து கிராம மக்கள் மீது வன்கொடுமை நடத்திய சம்பவம் நடந்தது 1992 ஜூன் 20. குற்றம் சாட்டப்பட்ட 269 பேரில் உயிரோடிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று தர்மபுரி செஷன்ஸ் கோர்ட் 2011 செப்டம்பர் 29-ல் தீர்ப்பளித்தது. 2023-ல் அதே தேதியில் உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. பத்தொன்பது ஆண்டு விசாரணையில் எந்தக் கட்டத்தில் எத்தனை காலம் போனது என்பதை மட்டும் எடுத்தாலே ஓர் ஆய்வேடு. ஓசூர்ப் பக்கம் நிலமெடுப்பு என்றால் 1997-ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்கத்துக்கான நிலமெடுப்புச் சட்டத்திலிருந்து தொடங்குங்கள்.

பாதிக்கப்பட்ட பெண்ணின், குழந்தையின் அடையாளம் ஆய்வேட்டில் எங்கும் வரக்கூடாது. பெயரை மறைத்துவிட்டு ஊர், பள்ளி, தந்தையின் தொழில் என்று எழுதினால் சின்ன ஊரில் யாரென்று தெரிந்துவிடும். வழக்கு 1, வழக்கு 2 என்று எண் கொடுத்து, அசல் எண்களைத் தனி நோட்டில் வையுங்கள்.

எழுதும்போது, பிறர் எழுத்தோடு உங்கள் எழுத்து எவ்வளவு ஒத்துப்போகிறது என்று பார்க்கும் ஒற்றுமைச் சோதனையின் அளவு 10 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும், பல்கலைக்கழக மானியக் குழுவின் (யு.ஜி.சி.) 2018 விதிப்படி அதைத் தாண்டி 40 வரை போனால் திருத்தி மறுபடி கொடுக்க வேண்டும். சட்டப் பிரிவுகளின் வாசகமும் மேற்கோள் காட்டிய பகுதியும் கணக்கில் வராது. தீர்ப்பின் பத்தியை மேற்கோள் குறி இல்லாமல் ஒட்டுவதுதான் எண்ணை ஏற்றிவிடும். சாட்சியம், எஃப்.ஐ.ஆர். எல்லாம் தமிழில் இருக்கும், ஆய்வேடு பெரும்பாலும் ஆங்கிலத்தில். மொழிபெயர்த்த ஒவ்வொரு வரிக்கும் தமிழ் மூலத்தை அடிக்குறிப்பில் அப்படியே கொடுங்கள். கிராம நிலக் கணக்குகளான அடங்கல், அ-பதிவேடு போன்ற சொற்களை மொழிபெயர்க்காமல் முதல் முறை வரும் இடத்தில் விளக்கிவிட்டு அப்படியே எழுதுங்கள். வைவாவுக்குப் போகும்போது தகவல் உரிமைப் பதில்களின் அசலையும், தேடிய தேதி, தேடிய சொல், கிடைத்த எண்ணிக்கை எழுதிய நோட்டையும் பையில் எடுத்துப் போங்கள்.