ரொறன்ரோவில் சிறுபிள்ளைகளோடு வசந்தகாலத் தோட்டம்: எதை எப்போது விதைப்பது

வசந்தத்தின் முதல் வெயில் நாட்களிலேயே கடை வாசல்களில் தக்காளிக் கன்றுகளைக் கண்டதும் பிள்ளைகள் ஆசைப்படுவார்கள். அப்போது வாங்க வேண்டாம். ரொறன்ரோவிலும் அதைச் சூழ்ந்த நகரங்களிலும் மே மாத முற்பகுதி வரையிலும், சில ஆண்டுகளில் நடுப்பகுதி வரையிலுங்கூட, இரவில் உறைபனி விழக்கூடும். அப்படி ஓர் இரவே தக்காளியையும் மிளகாயையும் கருக்கிவிடப் போதும். ஆகவே இங்கே தோட்டம் செய்பவருக்கு விதைப்புக் காலம் இரண்டு: குளிர் தாங்கும் பயிர்களுக்கு ஏப்ரல், வெப்பம் வேண்டும் நம் ஊர்க் காய்களுக்கு, மே 25க்கு முந்திய திங்கட்கிழமை வரும் விக்ரோறியா தின விடுமுறைக்குப் பின். முதலாவதைப் பிள்ளைகளிடமும் இரண்டாவதைப் பெரியவர்களிடமும் விட்டால் இரு தரப்புக்கும் ஏமாற்றம் குறையும்.

நாளொன்றுக்கு ஆறு முதல் எட்டு மணி நேரம் நேர் வெயில் படும் இடம் வேண்டும். அருகில் கறுப்பு வால்நட் மரம் நின்றால் வேறிடம் தேடுங்கள். அதன் வேரிலிருந்து கசியும் பொருள் தக்காளியையும் கத்தரியையும் வாடச் செய்யும். பழைய வீடுகளின் சுவரோர மண்ணில் பழைய வண்ணப்பூச்சின் ஈயம் கலந்திருக்கக்கூடும் என்பதால், சிறுவர் கை வைக்கும் பாத்தியைப் பலகை அடித்து உயர்த்தி, வெளியிலிருந்து வாங்கிய மண்ணும் மக்கிய கூட்டெருவும் கலந்து நிரப்புவதே பாதுகாப்பு. மூன்று அடி அகலம், ஆறு அடி நீளம், ஓர் அடி உயரமுள்ள பாத்திக்குப் பதினெட்டுக் கன அடி கலவை தேவைப்படும். அகலத்தை இதற்கு மேல் கூட்டினால் பிள்ளைகளின் கை நடுப்பகுதிக்கு எட்டாது. அவர்கள் பாத்திக்குள் இறங்கி மண்ணை மிதித்து இறுக்கிவிடுவார்கள். மக்காத சாணத்தில் நோய்க்கிருமிகள் இருக்கக்கூடும் என்பதால் அதைத் தவிர்க்க வேண்டும்.

ஏப்ரலில் மண் இளகி, கையில் பிடித்துப் பார்த்தால் சேறாக ஒட்டாமல் உதிரும் நிலைக்கு வந்ததும் சிவப்பு முள்ளங்கி, பட்டாணி, ஸ்பினாச், சலாது ஆகியவற்றை நேரடியாக விதைக்கலாம். பிள்ளைகளுக்கு முள்ளங்கியே முதல் தெரிவு: ஒரு வாரம் பத்து நாளில் முளைத்துவிடும், ஒரு மாதத்துக்குச் சற்று மேலானால் பிடுங்கவும் முடியும். விதையை அரை அங்குல ஆழத்தில் இட்டு, முளைத்த பின் இரண்டு அங்குலத்துக்கு ஒன்றாகக் கலைத்துவிட வேண்டும். நான்கு வயதுப் பிள்ளை ஒரே குழியில் ஒரு பிடி விதையைக் கொட்டத்தான் செய்யும். அது தூங்கிய பின் சென்று திருத்தி விதைக்காமல், கலைக்கும் வேலையையும் அதன் கையாலேயே செய்விப்பது நல்லது. இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறம் பூசிய விதைகள் பூஞ்சைக்கொல்லி மருந்திட்டவையாக இருக்கும், அவற்றைப் பிள்ளைகளிடம் கொடுக்கக் கூடாது. மூன்று வயதுக்கு உட்பட்டவர்கள் பட்டாணி விதையை வாயில் போட்டு விழுங்காதபடி அருகில் நிற்க வேண்டும்.

வெப்பப் பயிர்களின் வேலை இதற்கு முன்பே வீட்டுக்குள் தொடங்கியிருக்க வேண்டும். மிளகாயும் கத்தரியும் வெளியே நடுவதற்கு எட்டு முதல் பத்து வாரங்கள் முன்னதாக, அதாவது மார்ச் மாதத்தில், சிறு கிண்ணங்களில் விதைக்கப்பட வேண்டும். தக்காளிக்கு ஆறு முதல் எட்டு வாரங்கள் போதும். மிளகாய் விதைக்கு 25 பாகை செல்சியசுக்கு மேல் சூடு இருந்தால்தான் விரைந்து முளைக்கும், குளிர்ந்த ஜன்னலோரத்தில் மூன்று வாரமும் ஆகலாம். முளைத்தபின் வெளிச்சம் போதாவிட்டால் நாற்று நெடுநெடுவென மெலிந்து சாயும் என்பதால், தெற்கு ஜன்னல் இல்லாதவர்கள் ஒரு மின்விளக்கை நாற்றுக்கு மேலே தாழத் தொங்கவிடுவது பயன் தரும்.

நாற்றை நேரே பாத்திக்குக் கொண்டுபோகக் கூடாது. ஒரு வாரம் முதல் பத்து நாட்கள் வரை, முதல் நாள் ஒரு மணி நேரம் நிழலில் எனத் தொடங்கி, நாளுக்கு நாள் வெயிலையும் காற்றையும் கூட்டிப் பழக்க வேண்டும். இதைத் தவிர்த்தால் இலைகள் வெளுத்துக் கருகும். இரவு வெப்பநிலை 10 பாகைக்குக் கீழே போகாத நிலை வந்த பின் நடலாம். வெண்டியும் பயற்றங்காயும் வேர் அசைவதை விரும்பாதவை. ஆகையால் ஜூன் தொடக்கத்தில் மண் நன்கு சூடான பின், வெண்டி விதையை ஓர் இரவு ஊறவைத்து, நேரடியாகப் பாத்தியிலேயே ஊன்றுங்கள். அதே வாரத்தில் முளைக்கீரையையும் தூவலாம்.

விதைத்த அன்றே பாத்தியின் மேல் கோழிக்கூட்டு வலையை விரித்துக் கட்டாவிட்டால், புதிதாகக் கிளறிய மண்ணைக் கண்ட அணில்கள் தோண்டாமல் விடமாட்டா. பட்டாணித் தளிருக்கு முயலும் வரும். காலையில் பூவாளியால் வேரடியில் நீர் ஊற்றுவது பிள்ளைகளின் அன்றாடப் பொறுப்பாக இருக்கட்டும். விரலை இரண்டாம் கணு வரை மண்ணில் விட்டுப் பார்த்து, ஈரம் தட்டினால் அன்றைக்கு ஊற்ற வேண்டியதில்லை என்பதையும் சொல்லிக்கொடுங்கள். ஜூன் இறுதிக்குள் வெயில் ஏறி முள்ளங்கியும் ஸ்பினாச்சும் பூத்துவிடும். அவற்றைப் பிடுங்கிய இடத்தில் மீண்டும் முளைக்கீரையை விதைத்து, ஓகஸ்ட் பிற்பகுதியில் முள்ளங்கிக்கு அந்த இடத்தைத் திருப்பிக் கொடுக்கலாம்.