‘போரும் வாழ்வும்’: சேர்ந்து படிக்கிறவர்கள் சறுக்கும் இடங்கள்

பெரிய நாவல் ஒன்றைப் பத்துப் பேர் சேர்ந்து படிப்பது என்று முடிவானால், வாட்ஸ்அப் குழுவுக்குப் பெயர் வைப்பதிலேயே முதல் நாள் போய்விடும். முதல் வாரம் எல்லோரும் அட்டையைப் படமெடுத்துப் போடுவார்கள். மூன்றாம் வாரம் இரண்டு பேர்தான் பேசிக்கொண்டிருப்பார்கள். டால்ஸ்டாயின் இந்த ரஷ்ய நாவலை எடுத்து நாங்கள் முதல் தடவை கலைந்துபோனதும் இப்படித்தான். சிலரிடம் டி.எஸ். சொக்கலிங்கத்தின் தமிழ் மொழிபெயர்ப்பு, சிலரிடம் ஆங்கிலம். இரண்டாம் முயற்சியில் முடித்தோம்.

பக்க எண் சொல்லிப் பேசாதீர்கள். “412ஆம் பக்கம் பாருங்க” என்றால் ஆளுக்கொரு 412. தொகுதி எண்ணும் முழுக்க உதவாது. மூலத்தில் 4 தொகுதிகள், அவற்றுக்குள் மொத்தம் 15 பாகங்கள், கடைசியில் இரண்டு பின்னுரைகள். மாட் தம்பதி மொழிபெயர்த்த பழைய ஆங்கிலப் பதிப்பிலோ அந்தப் பாகங்களுக்கு 1 முதல் 15 வரை நேராக எண் போட்டிருக்கும். அதனால் போரோதினோ சண்டை ஒருவருக்கு மூன்றாம் தொகுதியின் இரண்டாம் பாகம், இன்னொருவருக்குப் பத்தாம் புத்தகம். இது தெரியாமல் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சண்டை போட்டிருக்கிறோம். சுருக்கப் பதிப்பு யார் கையிலாவது இருக்கிறதா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள். 1851 அக்டோபரில் லண்டனில் வெளியான மெல்வில்லின் திமிங்கில நாவலில் (‘மோபி டிக்’தான்) பின்னுரை விடுபட்டுப்போனது. கதைசொல்லி உயிர் தப்பியது அந்தப் பின்னுரையில்தான் இருக்கிறது. கப்பலோடு எல்லோரும் போனபிறகு கதை சொல்வது யார் என்று அங்கிருந்த விமர்சகர்கள் கேட்டார்கள். கேள்வி நியாயமானதுதான், கையிலிருந்த புத்தகம்தான் குறையானது. (கதையை உடைத்துவிட்டேன். 170 வருஷத்துக்கு மேலாகிவிட்டது, பொறுத்துக்கொள்ளுங்கள்.)

ரஷ்யப் பெயர்களைக் கண்டு மிரண்டு, இணையத்தில் கிடைக்கிற குடும்ப மரத்தை எடுத்துக் குழுவில் போடுகிறவர் ஒருவர் எல்லா இடத்திலும் இருப்பார். நல்லெண்ணம்தான். ஆனால் யார் யாரைக் கல்யாணம் செய்துகொள்கிறார்கள் என்பது அந்தப் படத்திலேயே இருக்கும். எங்கள் குழுவில் மூன்றாம் நாளே எல்லோருக்கும் தெரிந்துபோயிற்று. பெயர் விஷயம் உண்மையில் நமக்கு எளிது. ஆந்த்ரேய் நிக்கொலாயெவிச் என்றால் நிக்கொலாயின் மகன் ஆந்த்ரேய்; நம் இனிஷியல் மாதிரி, அப்பா பெயரை முழுசாகச் சொல்கிறார்கள், அவ்வளவே. நத்தாலியா வீட்டில் நத்தாஷா ஆவது, ரேஷன் கார்டில் மீனாட்சிசுந்தரியாக இருப்பவர் வீட்டில் பாப்பா ஆவதைப் போல. நோட்டில் நீங்களே எழுதிக்கொண்டு போனால் நூறு பக்கத்தில் பழகிவிடும்.

மொத்தம் 361 அத்தியாயம் என்பதால் நாளுக்கு ஒன்று, வருஷத்தில் முடிந்தது என்று கணக்குப் போடத் தோன்றும். தனியாகப் படிக்கிறவருக்கு அது சரி. சேர்ந்து பேச ஒத்துவராது. மூன்று நான்கு பக்கத்தை வைத்துக்கொண்டு தினமும் என்ன பேசுவது? ஒரு பாகம் முடிந்ததும் பேசுங்கள். பின்னுரைகளோடு 17 சந்திப்பு, மூன்று வாரத்துக்கு ஒன்று என்றால் 51 வாரம். நடுவில் தீபாவளிக்கு ஒரு வாரம் விடலாம்.

இதெல்லாம் சில்லறைத் தவறுகள். குழு உண்மையில் உடைவது ரசனையில்தான். ஒருவர் “அறுவை” என்பார். உடனே இன்னொருவர், “இதையெல்லாம் படிக்கத் தயாரிப்பு வேணும்” என்பார். அறுவை என்றவர் அன்றிரவே வெளியேறிவிடுவார். இரண்டு பேருமே எந்த வரியையும் தொட்டிருக்க மாட்டார்கள்.

எங்களிடம் அறுவை என்றவர் ஒரு கணக்கு டீச்சர். 1805இல் பீட்டர்ஸ்பர்க்கில் அன்னா பாவ்லவ்னா கொடுக்கும் விருந்தில்தான் நாவல் ஆரம்பிக்கிறது. பாதிப் பேச்சு பிரெஞ்சில். “பணக்காரங்க அரட்டையை நான் ஏன் கேக்கணும்?” என்றார் டீச்சர். வழக்கமான பதில் வருவதற்குள், கோயம்புத்தூர்ப் பக்கம் மில்லில் முப்பது வருஷம் வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இரண்டாம் அத்தியாயத்தில் ஒரு பத்தியை அடிக்கோடிட்டுப் படமாக அனுப்பினார். அதில் அன்னா பாவ்லவ்னாவை நூல் மில் மேஸ்திரியோடு ஒப்பிடுகிறார் டால்ஸ்டாய். எந்த ஸ்பிண்டில் நின்றுவிட்டது, எது கிறீச்சிடுகிறது என்று பார்த்துக்கொண்டே மேஸ்திரி நடப்பதுபோல, பேச்சு நின்றுபோன கும்பலிடமும் சத்தம் கூடிப்போன கும்பலிடமும் போய் அவள் சரிசெய்கிறாள். “நானும் இப்படித்தான் நடப்பேன். காதுதான் வேலை செய்யும், கண்ணு இல்லை. இந்தாளு மில்லுக்குள்ள வந்து பார்த்திருக்கான்” என்று எழுதினார் அண்ணன். அதன்பிறகு விருந்தை அரட்டையாக எங்களால் படிக்க முடியவில்லை, ஓடுகிற மெஷினாகத்தான் தெரிந்தது.

வரலாறு பற்றிய நீண்ட விசாரங்களைத் தாண்டிப் போகிறவரை வாசகரே இல்லை என்று விரட்டுவதும் வேண்டாம். 1873 பதிப்பில் டால்ஸ்டாயே அவற்றில் பலவற்றைக் கதையிலிருந்து எடுத்துப் பின்னிணைப்பாக வைத்தார், பிரெஞ்சையும் ரஷ்யனாக்கினார். பிற்பாடு அவை பழைய இடத்துக்கே வந்தன. அவருக்கே இருந்த சந்தேகம் நமக்கு இருக்கக்கூடாதா?

“உலகமே கொண்டாடுது” என்பதை வாதமாக வைப்பதும் செல்லாது. ஷேக்ஸ்பியர் டால்ஸ்டாய்க்குப் பிடிக்கவேயில்லை. ரஷ்யனிலும் ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் படித்துப் பார்த்து, 75 வயதில் மறுபடியும் முழுக்கப் படித்துவிட்டு, ‘லியர் அரசன்’ நாடகத்தைக் காட்சி காட்சியாக எடுத்து எங்கே இடறுகிறது என்று எழுதினார். 1947இல் ஜார்ஜ் ஆர்வெல் அதற்கு மறுப்பு எழுதினார். டால்ஸ்டாய் சொன்னது எனக்கு ஒப்பில்லை. ஆனால் அவர் இடத்தைக் காட்டிச் சொன்னதால்தான் மறுக்க ஒரு பிடி கிடைத்தது.

டீச்சரும் பிறகு அந்த வழிக்கு வந்தார். ஆந்த்ரேயின் மனைவி லிசா வரும்போதெல்லாம் அவளுடைய குட்டையான மேலுதட்டைப் பற்றி டால்ஸ்டாய் ஏன் சொல்லிக்கொண்டே இருக்கிறார் என்று, அத்தியாய எண்களோடு பட்டியல் போட்டார். நாவலைப் பற்றி எங்களிடம் வந்த நல்ல புகார் அதுதான். ஒரு மாலை முழுக்கப் பேசினோம். இரண்டாம் தொகுதியில் அந்த உதடு நினைத்தே பார்க்காத ஓரிடத்தில் மறுபடி வருகிறது. அதைத் தாண்டியபின் டீச்சர் பட்டியலை நீட்டவில்லை. நாவல் பிடித்துவிட்டது என்றும் இன்றுவரை சொல்லவில்லை.