திங்க்பேட் டி480: எம்எக்ஸ்150 உள்ளதா, இல்லாததா?

ரீஃபர்பிஷ்டு கடைகளில் லெனோவோவின் திங்க்பேட் டி480 லேப்டாப் இரண்டு விதமாகக் கிடைக்கும். ஒன்றில் இன்டெல் யுஎச்டி 620 கிராஃபிக்ஸ் மட்டும். மற்றதில் அதோடு 2 ஜிபி நினைவகத்தோடு என்விடியா எம்எக்ஸ்150 என்ற தனி கிராஃபிக்ஸ் சிப்பும் உண்டு. இரண்டிலும் அதே 8-ஆம் தலைமுறை இன்டெல் பிராசசர்தான், கீபோர்டும் அதேதான். கிராஃபிக்ஸ் சிப் மதர்போர்டிலேயே பற்றவைக்கப்பட்டது என்பதால் பிறகு சேர்க்க வழியில்லை; வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.

டேலி, எக்செல், பிரவுசர், ஜூம் இவ்வளவுதான் வேலை என்றால் எம்எக்ஸ்150-க்குக் கூடுதல் பணம் தர வேண்டாம். யூடியூப் திணறுகிறது என்பதற்காகவும் வேண்டாம். யூடியூப் பயன்படுத்தும் ஏவி1 வகை வீடியோவை ஹார்டுவேரில் டீகோட் செய்ய இரண்டு சிப்புக்குமே தெரியாது.

அடுத்து ராமைப் பாருங்கள். யுஎச்டி 620-க்குத் தனி நினைவகம் கிடையாது, கணினியின் ராமைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறது. டி480-இல் இரண்டு ராம் ஸ்லாட்கள். கடையில் பெரும்பாலும் ஒன்றில் மட்டும் ராம் இருக்கும். டிடிஆர்4-2400 ராம் ஒன்று நொடிக்கு 19.2 ஜிபி தரவைக் கடத்தும். இரண்டு போட்டால் 38.4 ஜிபி. வரைபட மென்பொருளான ஆட்டோகேட் 2022-க்கு அதன் நிறுவனம் ஆட்டோடெஸ்க் கேட்கும் அடிப்படை கிராஃபிக்ஸ் நினைவக வேகம் நொடிக்கு 29 ஜிபி. அதாவது ஒற்றை ராமோடு அந்த அளவை எட்டாத அதே மெஷின், இரண்டாவது ராம் ஏறியதும் தாண்டிவிடுகிறது. எம்எக்ஸ்150-க்கு உள்ள தனி நினைவகத்தின் வேகமே நொடிக்கு 40 முதல் 48 ஜிபிதான். 2டி வரைபட வேலைக்கு 8 ஜிபி ராம் இன்னொன்று வாங்கிப் போடுவதுதான் புத்திசாலித்தனம். ஒரே 16 ஜிபியைவிட இரண்டு 8 ஜிபி இங்கே மேல். (டி480எஸ் வேறு மாடல், அதில் ஸ்லாட் ஒன்றுதான், இன்னொரு ராம் போர்டோடு ஒட்டியது.)

ராம் போடும் முன் மெஷினை ஆன் செய்ததும் எஃப்1 அழுத்தி பயாஸுக்குள் (விண்டோஸுக்கு முன் வரும் அமைப்புத் திரை) போய், கான்ஃபிக், பவர் வழியாக உள் பேட்டரியை டிசேபிள் செய்யுங்கள். வெளிப் பேட்டரியைக் கழற்றினால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இந்த மாடலில் உள்ளே இன்னொரு பேட்டரி இருக்கிறது, போர்டில் மின்சாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும்.

ஸ்கெட்ச்அப் மாதிரி 3டி வேலை, பத்து வருடப் பழைய கேம்கள் என்றால் எம்எக்ஸ்150 உதவும். ஆனால் அந்தப் பெயரில் இரண்டு சிப்கள் உண்டு. 25 வாட் சிப்பின் அடிப்படை வேகம் சுமார் 1469 மெகாஹெர்ட்ஸ். 10 வாட் சிப்புக்கு 937 மட்டுமே. ஸ்டிக்கரில் இது தெரியாது. டிவைஸ் மேனேஜரில் டிஸ்ப்ளே அடாப்டர்ஸ், அதில் என்விடியா, பிராப்பர்ட்டீஸ், டீட்டெயில்ஸ், ஹார்டுவேர் ஐடிஸ் என்று போங்கள். டிவைஸ் எண் 1டி10 என்றால் வேகமானது, 1டி12 என்றால் மெதுவானது. 1டி12-க்கு 1டி10 விலை கொடுக்காதீர்கள்.

வீடியோ எடிட்டிங்குக்காக எம்எக்ஸ்150 தேடுபவர்கள் கவனிக்க: இந்தச் சிப்பில் வீடியோ என்கோடரே கிடையாது. எக்ஸ்போர்ட் செய்யும்போது ஹார்டுவேர் வேகம் வேண்டுமென்றால் இன்டெல் கிராஃபிக்ஸிலேயே உள்ள குயிக் சிங்க் என்ற என்கோடரைத்தான் நம்ப வேண்டும். அது யுஎச்டி 620 மட்டும் உள்ள மெஷினிலும் இருக்கிறது. ஏஐ மாடல் ஓட்டிப் பார்க்கும் ஆசைக்கும் 2 ஜிபி பற்றாது.

சூடு இன்னொரு விஷயம். எம்எக்ஸ்150 மெஷினின் ஹீட்சிங்க்கில் இரண்டு செப்புக் குழாய்கள், சாதா மெஷினில் ஒன்று. ஆனால் பிராசசரும் எம்எக்ஸ்150-யும் ஒரே ஃபேனை நம்பியிருப்பதால், பழைய தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தால் 3டி வேலை தொடங்கியதும் பிராசசர் வேகமும் சேர்ந்து இறங்கும். கடையிலேயே சார்ஜரைச் செருகி, வெப்ப அளவைக் காட்டும் எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளைத் திறந்து வைத்து, ஏதாவது 3டி பெஞ்ச்மார்க்கைப் பத்து நிமிடம் ஓட்டுங்கள். வெப்பம் 95 டிகிரியைத் தாண்டி நின்றால் பேஸ்ட் மாற்றித் தரச் சொல்லுங்கள். பாதியில் திரை உறைந்தாலோ என்விடியா டிவைஸ் மேனேஜர் பட்டியலிலிருந்து காணாமல் போனாலோ அந்த மெஷினை விட்டுவிடுங்கள், பேஸ்ட் மாற்றித் தீருகிற கோளாறாக அது இருக்காது.

வாங்கிய பிறகும் "வித்தியாசமே தெரியவில்லையே" என்றால், மென்பொருள் இன்டெலிலேயே ஓடிக்கொண்டிருக்கக்கூடும். விண்டோஸ் செட்டிங்ஸில் சிஸ்டம், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் அந்த மென்பொருளுக்கு ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுத்துவிட்டு, அதை மூடித் திறக்க வேண்டும்.

லினக்ஸ் போடுபவர்களுக்கு எங்கள் சிபாரிசு இன்டெல் மட்டும் உள்ளதுதான். அதன் டிரைவர் லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலிலேயே இருக்கிறது. எம்எக்ஸ்150-யின் பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியாவின் 580 வரிசை டிரைவரோடு சரி, அடுத்த வரிசையில் இடமில்லை.